பச்சையைப் பார்த்ததும் 'சாதாரணப் பாசி' என்று எழுதியவர்களுக்கு

ஏரித் தண்ணீரைக் குடிநீராக வழங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

"ஏரியில் காணப்படுவது சாதாரண நீலப்பச்சைப் பாசியே. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." மக்கள் குறைதீர் நாளில் நான் கொடுத்த நான்கு பக்க மனுவுக்கு வந்த பதில் இந்த இரண்டு வரிதான். கூடவே ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகலும் இருந்தது. நிறம், கலங்கல், பிஎச், குளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் என்று வரிசையாக எண்கள். அந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நான் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாசி நஞ்சு சுரக்கும் வகையா, இல்லையா? அதற்கான சோதனை எதுவும் அந்த அறிக்கையில் இல்லை. சோதிக்காத ஒன்றைப் பற்றி 'சாதாரண' என்ற சொல் எப்படி அந்தக் காகிதத்தில் ஏறியது?

பதில் வந்த ஐந்தாம் நாள், பாசியை அழிக்க, படகில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஏறியது. கோணிச் சாக்குகளில் கட்டி, படகின் இரு பக்கமும் தண்ணீரில் அமிழ்த்தி, இழுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றினார்கள். அன்றும் மறுநாளும் நீரேற்று மோட்டார் நிற்கவில்லை. வழக்கமான நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இதற்கு மேல் இன்னொரு மனு எழுதி வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

ஊரின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் கையில் இருந்த படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. இதே படிவம்தான் ஏரித் தண்ணீர் குடிக்கும் மற்ற ஊர்களிலும் நிரப்பப்படுகிறது என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் எல்லோருக்குமாகவே இது.

நான் 31 ஆண்டுகள் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தேன். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் மாணவர்களுக்காக ஆண்டுதோறும் குளம் குளமாகப் போய்ப் பாசி எடுத்து வந்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தவள் நான். எந்தக் குளத்தில் எந்த மாதம் எது பூக்கும், அதாவது மளமளவென்று பெருகும் என்பது கைப்பழக்கமாகவே தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஏரிக்கரைத் தெருவிலேயே இருக்கிறேன். காலையில் வாசல் தெளிக்கும்போது கண்ணில் படுவது இந்த ஏரிதான்.

இந்த மாசியில் தண்ணீர் மாறத் தொடங்கியது. முதலில் பச்சைப் பொடியைத் தூவியதுபோல் இருந்தது. பத்து நாளில் பெயின்ட் கொட்டியதுபோல் கெட்டியாக, வெயில் பட்ட இடத்தில் நீலம் ஓடிய ஆடையாகப் படிந்தது. வாடை வேறு. நாள்பட்ட வைக்கோலும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு வாடை வீட்டுக்குள் வரை வந்தது. தென்கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஏரி முழுக்கப் பரவியிருந்த பாசியை வடமேற்கு மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடிநீருக்காக ஏரித் தண்ணீரை இழுக்கும் உங்கள் உறிஞ்சுகிணறு இருப்பது அதே மூலையில்தான்.

அந்த மூலையில்தான் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் அக்கா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார். ஒரே நாளில் இரண்டு ஆடுகள் செத்தன. காலையில் தண்ணீர் குடித்தவை, மாலைக்குள் தள்ளாடி விழுந்துவிட்டன என்று சொன்னார். அவர் போன பிறகு நான் அங்கே போய்ப் பார்த்தபோது கரை மண்ணில் குளம்புத் தடங்களுக்குள்ளேயும் பச்சை தேங்கி நின்றது. ஆடுகள் பாசியால்தான் செத்தன என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவற்றை அறுத்துப் பார்க்கவில்லை, ஈரலை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை. ஆனால் பாசியால் இல்லை என்று சொல்லவும் எவரிடமும் ஆதாரம் இல்லை. ஏரித் தண்ணீரில் படரும் பாசி கால்நடைகளைக் கொல்லும் என்பது புதுச்செய்தியும் இல்லை. 1878இலேயே ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் பாசி படிந்த தண்ணீரைக் குடித்த கால்நடைகள் சில மணி நேரத்தில் மடிந்ததைப் பதிவு செய்துவிட்டார். அந்தப் பதிவுக்கு 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

மறுநாள் விடிகாலையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் அந்த ஆடையை அள்ளி வந்தேன். என்னிடம் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கிறது, கல்லூரியில் கழித்துக் கட்டியபோது விலை கொடுத்து வாங்கியது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பஞ்சுபோன்ற பசைக்குள் கடுகு கொட்டியதுபோல் குட்டிக் குட்டி உருண்டைகள், ஒழுங்கில்லாத கூட்டம் கூட்டமாக. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கருத்துத் தெரியும் காற்றுப்பைகள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. சந்தேகமே இல்லை, ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

பெயர் சொல்ல என்னால் முடிந்தது. அதோடு சரி. நஞ்சு உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னால் மட்டும் இல்லை, எவ்வளவு விலையுள்ள நுண்ணோக்கி வைத்திருப்பவராலும் முடியாது. நீங்கள் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் ஊரில் இந்தப் பாசிகளைப் பற்றிய அறிவு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசியியலுக்கு அடித்தளம் போட்டார். அவருடைய மாணவர் தி.வே. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை வகை பிரித்து 1959இல் 'சயனோஃபைட்டா' என்ற பெரிய நூலைக் கொடுத்தார். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் புத்தகம் பழுப்புக் காகித அட்டை போட்டு, முனை மடங்கி, பக்கங்களில் அயோடின் கறையோடு இருக்கும். உருவம், அளவு, பசையின் தன்மை, செல்கள் அடுக்கியிருக்கும் விதம், இவற்றை வைத்து ஓர் உயிரியின் பெயரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உருவத்தை வைத்துத்தான் வகை பிரிக்க முடியும். நஞ்சு உருவத்தில் தெரியாது.

2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். உருவத்தை வைத்துத் தனித்தனி இனங்களாகப் பெயரிடப்பட்டிருந்த ஐந்து மைக்ரோசிஸ்டிஸ் வகைகளின் டிஎன்ஏவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்தும் ஒரே இனமாகக் கருதும் அளவுக்கு நெருக்கமாக இருந்தன. நீலப்பச்சைப் பாசியும் உண்மையில் பாக்டீரியாதான்; பாக்டீரியாக்களுக்குப் பெயர் வைக்க எல்லோரும் பயன்படுத்தும் 16எஸ் என்ற மரபணுவை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அதை வைத்து 'இது மைக்ரோசிஸ்டிஸ்' என்று சொல்லலாம். நஞ்சுள்ளதையும் இல்லாததையும் பிரிக்க முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே ஏரியில், ஒரே ஆடைக்குள், அருகருகே மிதக்கின்றன.

பிரிப்பது வேறொரு மரபணுத் தொகுப்பு. அதற்கு எம்சிஒய் என்று பெயர். கிட்டத்தட்ட 55,000 டிஎன்ஏ எழுத்துகள் நீளம், ஏ முதல் ஜே வரை பத்து மரபணுக்கள். கட்டட வேலையில் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேல்தளத்துக்கு ஏற்றுவார்களே, அதுபோல இந்த மரபணுக்கள் உண்டாக்கும் நொதிகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் ஒரு துண்டைச் சேர்த்து அடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் ஏழு துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம் வெளியே வரும். அதுதான் மைக்ரோசிஸ்டின். அது உடம்புக்குள் போனால் ஈரல் செல்லுக்குள் நுழைந்து, அங்கே செல்லின் கட்டுக்கோப்பைக் காக்கும் இரண்டு முக்கிய நொதிகளை முடக்கிவிடும். ஈரல் உள்ளுக்குள்ளேயே சரிந்து ரத்தம் கசியும்.

இந்தத் தொகுப்பில் ஓர் ஆள் வரிசையை விட்டு விலகினாலும் சட்டி மேலே போய்ச் சேராது. 1997இல் பெர்லினில் எல்கே டிட்மனும் அவருடன் இருந்தவர்களும் நஞ்சுள்ள ஒரு மைக்ரோசிஸ்டிஸில் எம்சிஒய்-பி என்ற ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்தார்கள். நஞ்சு நின்றுவிட்டது. பாசி வழக்கம்போல் பச்சையாக வளர்ந்தது. வெளிப்பார்வையில் எந்த மாற்றமும் இல்லை. 2000ஆம் ஆண்டில் முழுத் தொகுப்பின் எழுத்துகளும் படித்து முடிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பின்லாந்தைச் சேர்ந்தவர்கள் 2004இல் இந்த மரபணுக்களின் வம்சாவளியைத் தேடிப் பார்த்தார்கள். நஞ்சு செய்யும் திறமை மிகப் பழையது, இந்தக் குடும்பத்தின் மூதாதைக்கே இருந்தது, நஞ்சில்லாத பாசிகள்தான் இடையில் அதைத் தொலைத்தவை என்று தெரிந்தது. நாம் நினைப்பதற்கு நேர்மாறு. ஆகவே நஞ்சை அபூர்வமான விதிவிலக்காகவும், நஞ்சில்லாததைச் 'சாதாரணம்' என்றும் எடுத்துக்கொள்ள இந்த வரலாற்றில் இடமில்லை.

நீலப்பச்சைப் பாசி என்றாலே விஷம் என்று நான் பீதி கிளப்புவதாக அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. நம் விவசாயிகள் வயலில் விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதும் இந்தக் குடும்பத்து உயிர்தான். மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கும் ஸ்பைருலினாவும் இந்தக் குடும்பம்தான். இவ்வளவு நல்லது செய்யும் குடும்பத்தில் சிலது மட்டும் ஈரலைத் தின்னும் என்பதால்தான், எது எது என்று பிரித்தறியச் சொல்கிறேன். எல்லாவற்றையும் கண்டு பயப்படுவதும், எல்லாவற்றுக்கும் 'சாதாரணம்' என்று கையெழுத்திடுவதும் ஏரியைப் பார்க்காமலே செய்யக்கூடியவை.

இனி நீங்கள் மாதிரி எடுத்த விதத்துக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் வந்தபோது நான் கரையில் நின்றிருந்தேன். பிற்பகல் மூன்று மணி. கிழக்குக் கரையில் மதகுப் படிக்கட்டில் இறங்கி ஒரு கேனில் அள்ளிக்கொண்டார்கள். மைக்ரோசிஸ்டிஸ் காற்றுப்பைகளை வைத்து ஏறி இறங்கும் உயிர். காற்றில்லாத இரவுக்குப் பிறகு விடிகாலையில் மேலே வந்து ஆடையாகப் படியும். பகலெல்லாம் வெயிலில் மாவுச்சத்துச் சேர்த்துக் கனமாகி, பிற்பகலுக்கு மேல் கீழே இறங்கும். காற்று அதை வடமேற்கில் ஒதுக்கியிருந்த நாளில், கிழக்கு மூலையில், பிற்பகலில் அள்ளிய தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாகத்தான் இருக்கும். அதை அன்றே சொன்னேன். "அம்மா, எங்களுக்குக் குறித்துக் கொடுத்த இடம் இதுதான்" என்று அந்தத் தம்பி பணிவாகவே பதில் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தது அவர் இல்லை.

அந்த அறிக்கையிலேயே ஒரு வரி இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பிஎச் 9.1. பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். பாசி எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதைவிட முக்கியம், தண்ணீரில் கரைந்துவிட்ட மைக்ரோசிஸ்டினைக் குளோரின் சிதைக்க வேண்டுமானால் பிஎச் 8க்குக் கீழே இருக்க வேண்டும், அரை மணி நேரமாவது கலந்திருந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பிஎச் 9க்கு மேல் போனால் குளோரின் மந்தமாகிவிடும். மேல்நிலைத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறோம் என்ற உங்கள் பதில் கிருமிகளுக்குப் பொருந்தும். இந்த நஞ்சுக்கு அது போதும் என்று பிஎச் பார்க்காமல் சொல்ல முடியாது.

மயில்துத்தம் போட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்த நஞ்சின் பெரும்பகுதி, பாசி உயிரோடு இருக்கும்வரை அதன் செல்லுக்குள்ளேயே கிடக்கும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து மணல்வடிகட்டியில் விட்டால் முழுச் செல்களை நஞ்சோடு சேர்த்தே பிரித்தெடுத்துவிடலாம். மயில்துத்தம் என்ன செய்கிறது? செல்லை உடைக்கிறது. உள்ளே இருந்தது முழுக்கத் தண்ணீரில் கரைகிறது. கரைந்தது படிகாரத்துக்கும் மணலுக்கும் சிக்காது. ஏரி இரண்டு நாளில் தெளிந்து அழகாகத் தெரியும். ஆபத்து கூடியிருக்கும் நாள்களும் அவையே.

இது யூகமில்லை. 1981இல் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரத்துக்குத் தண்ணீர் தரும் மல்பாஸ் அணையில் நஞ்சுள்ள மைக்ரோசிஸ்டிஸ் பூத்தது. மயில்துத்தம் தெளித்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை, வேறு நீர்நிலைகளிலிருந்து குடித்தவர்களின் பதிவுகளோடு பின்னர் ஒப்பிட்டபோது, ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி அந்தக் காலத்தில் ஏறியிருந்தது தெரிந்தது. அதற்கு முன்பு, 1979இல், குயின்ஸ்லாந்தின் பாம் தீவில் சாலமன் அணையில் பாசிக்கு மயில்துத்தம் போட்டார்கள். சில நாள்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஈரல் வீக்கம், வாந்தி, சிறுநீரகக் கோளாறு. அங்கே இருந்தது மைக்ரோசிஸ்டிஸ் இல்லை, வேறொரு பாசி, வேறொரு நஞ்சு. அதற்கான மரபணுக்களும் வேறு. எதையும் பிரித்தறியாமல் மருந்து தெளித்ததுதான் இரண்டு இடத்திலும் ஒன்று.

நம் வீடுகளில் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் முதலில் செய்வது காய்ச்சுவது. உங்கள் ஊழியர்களும் "காய்ச்சிக் குடிங்க" என்றுதான் தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். மைக்ரோசிஸ்டின் கொதிநீரில் அழியாது. தண்ணீர் வற்றினால் நஞ்சு இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரில் இந்த நஞ்சு அளவைத் தாண்டியபோது, அங்கே 4 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்குக் கொடுத்த முதல் அறிவிப்பே "குடிக்காதீர்கள், காய்ச்சவும் காய்ச்சாதீர்கள்" என்பதுதான்.

அப்புறம், எங்கள் தெருமுனையில் ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் குறைந்தால் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். அந்த லாரிகள் நிரப்புவதும் இதே ஏரியின் நீரேற்று நிலையத்தில்தான். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வாரம் மூன்று நாள் அங்கே போய்ப் படுக்கிறார். டயாலிசிஸில் தண்ணீர் வயிற்றுக்குள் போவதில்லை, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நின்று நேராக ரத்தத்தோடு பரிமாறிக்கொள்கிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரத்து டயாலிசிஸ் நிலையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீர் லாரியில் போனது. 131 நோயாளிகளில் 116 பேருக்குக் கண் மங்கலும் வாந்தியும் வந்தன. மைக்ரோசிஸ்டினால் இறந்தவர்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்கள் மட்டும் 52 பேர். அண்ணன் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் எனக்கு இந்த எண் நினைவுக்கு வருகிறது. அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் சோதித்துவிட்டு ஒரு நல்ல பதில் சொன்னால், அந்தப் பதிலை மட்டும் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தச் சோதனையெல்லாம் நமக்கு எட்டாதது என்று சொல்லாதீர்கள். கொரோனா காலத்தில் பிசிஆர் என்ற சொல் பால்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது. மாவட்டம்தோறும் அந்த எந்திரங்கள் வந்தன. எம்சிஒய் மரபணு இருக்கிறதா என்று பார்க்கவும் அதே எந்திரம்தான். மாற்ற வேண்டியது தேடும் மரபணுவுக்கேற்ற சின்ன டிஎன்ஏத் துண்டுகளை மட்டும். எம்சிஒய்-இ மரபணுவின் ஒரு பகுதியைப் பிடிக்கும் ஒரே ஜோடித் துண்டுகளை வைத்து மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா, பிளாங்டோத்ரிக்ஸ் என்ற மூன்று நீலப்பச்சைப் பாசிகளிலும் நஞ்சுத்திறனைக் கண்டுபிடிக்கும் முறை 2006லிருந்தே இருக்கிறது. மாதிரி போய்ச் சேர்ந்த அன்றோ மறுநாளோ பதில் கிடைக்கும். ஆட்களும் இருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் பல ஆண்டுகளாக நடக்கிறது. கல்லூரிகளின் தாவரவியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளில் டிஎன்ஏ பிரித்தெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலைக்குக் காத்திருக்கிறார்கள்.

மரபணுச் சோதனையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மரபணு இருந்தும் அது பழுதாகி நஞ்சு சுரக்காத பாசிகள் உண்டு. எம்சிஒய் இல்லாமல் வேறு நஞ்சு சுரப்பவையும் உண்டு. ஒரே ஏரியில் நஞ்சுள்ளவற்றின் பங்கு வாரத்துக்கு வாரம் மாறும். மரபணுச் சோதனை ஒரு முன்னெச்சரிக்கை. நஞ்சு செய்யக்கூடியவை இந்தத் தண்ணீரில் உண்டா, எத்தனை பங்கு, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும். தண்ணீரில் உண்மையில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதை எலைசா மாதிரியான நஞ்சுச் சோதனை சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் எங்களுக்கு ஒரு பதில்.

உங்கள் பதிலில் குடிநீர்த் தரத்துக்கான ஐஎஸ் 10500ஐ மேற்கோள் காட்டியிருந்தீர்கள். 2012இன் அந்தத் தர அளவு, நஞ்சு சுரக்கும் நுண்ணுயிர்கள் குடிநீரில் இருக்கக்கூடாது என்று சொல்கிறது. ஆனால் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஓர் எண் அதில் இல்லை. எண் இல்லாததால் அளக்கவில்லை, அளக்காததால் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1998லேயே ஓர் எண் கொடுத்தது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 2020இல் அதோடு, சில நாள்களுக்கு மட்டும் என்றால் 12, குளிக்கும் நீந்தும் தண்ணீரில் 24 என்று தெளிவாக்கியது. நம் எண் வரும்வரை அதைப் பின்பற்ற எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், 'சாதாரணப் பாசி, அச்சப்படத் தேவையில்லை' என்ற பதிலைத் திரும்பப் பெறுங்கள். 'நஞ்சுத்தன்மை இன்னும் சோதிக்கப்படவில்லை' என்று எழுதி நீரேற்று நிலைய வாசலிலும் கரையிலும் ஒட்டுங்கள். கால்நடைகளையும் குழந்தைகளையும் பச்சை ஆடை படிந்த தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று அதே தட்டியில் இருக்கட்டும். தெருவில் சொல்லும் ஊழியர்களிடம், இந்த விஷயத்தில் காய்ச்சினால் போதும் என்று சொல்ல வேண்டாம் என்று தெரிவியுங்கள்.

மோட்டார் ஓடும் ஏரியில் மயில்துத்தம் போடுவதை நிறுத்துங்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், போடும் முன் மோட்டாரை நிறுத்தி, மாற்றுத் தண்ணீர் கொடுத்து, கரைந்த நஞ்சை அளந்து, அது இறங்கிய பிறகே மீண்டும் திறக்க வேண்டும். பாசி பூக்கும் மாதங்களில் உறிஞ்சும் ஆழத்தை மாற்ற முடியுமா, கரைந்த நஞ்சை உறிஞ்சத் தெளியவைக்கும் தொட்டியில் தூள்கரி சேர்க்க முடியுமா என்று உங்கள் பொறியாளர்கள் பார்க்கட்டும்.

மாசி முதல் ஆனி வரை வாரம் ஒரு முறை மாதிரி எடுங்கள். விடிகாலையில், காற்று ஒதுக்கும் பக்கத்தில், உறிஞ்சுகிணற்றின் ஆழத்திலும் சேர்த்து எடுங்கள். சுத்திகரித்த பிறகு வரும் தண்ணீரிலும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் செல் எண்ணிக்கை, எம்சிஒய்-இ மரபணு, மைக்ரோசிஸ்டின் அளவு, பிஎச் நான்கையும் பார்த்து, அந்த வாரமே பொதுவில் வெளியிடுங்கள். 1 மைக்ரோகிராமைத் தாண்டினால் என்ன செய்வீர்கள், 12ஐத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

டயாலிசிஸ் நிலையங்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் பாசி பூத்த அன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும். இது காத்திருக்க முடியாத ஒன்று, இந்த வாரமே செய்யுங்கள்.

குடிநீர் தரும் ஏரிகளுக்கெல்லாம் ஒரு பாசிப் பதிவேடு தொடங்குங்கள். எந்த ஏரியில், எந்த மாதம், எந்தப் பாசி, நஞ்சு மரபணு உண்டா இல்லையா என்று ஊர் ஊராக அதில் ஏறட்டும். டிஎன்ஏ மாதிரிகள் அழியாமல் சேமிக்கப்படட்டும். உருவத்தை வைத்து அந்தக் காலத்தில் இந்த மண்ணில் செய்து காட்டிய வேலையை மரபணுவை வைத்து நாம் தொடர வேண்டும். குடிநீர்த் தர அளவில் மைக்ரோசிஸ்டினுக்கு ஓர் எண் வேண்டும் என்று உங்கள் தரப்பிலிருந்து மேலிடத்துக்கு எழுதுங்கள். நான் எழுதினால் மனு, நீங்கள் எழுதினால் கோப்பு.

ஏரியின் தெற்கில் வந்து விழும் கழிவுநீர் ஓடையைப் பற்றி முந்தைய மனுவிலேயே எழுதிவிட்டேன். பாஸ்பரஸ் வந்து விழும்வரை பாசி ஆண்டுதோறும் வரும். அந்த வேலைக்கு ஒரு தேதி சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மாசி 18, 25, பங்குனி 3 ஆகிய மூன்று நாளும் விடிகாலையில் வடமேற்கு மூலையில் எடுத்த தண்ணீரை வடிதாளில் வடித்து, தேதியும் இடமும் எழுதி, என் வீட்டு உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். பங்குனி 3 மயில்துத்தம் போட்டதற்கு மறுநாள். டிஎன்ஏ அவற்றில் இருக்கிறது, சோதிக்கத்தான் ஆள் இல்லை. அவற்றை எடுத்துப்போக உங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவரை ஐஸ்பெட்டியோடு அனுப்புங்கள். இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

ஏரிக்கரைத் தெருவிலிருந்து,
ஓய்வுபெற்ற ஓர் ஆய்வக உதவியாளர்